அறுபத்தெட்டு விநாடிச் சிவப்பு

மார்ச் 4, செவ்வாய்

இன்று நாலு ஓட்டம். மூன்று சிவப்பு, ஒரு பச்சை.

என்ன வேலை என்று யாராவது கேட்டால் 'சாலைத் துறையில் கார் ஓட்டுகிறேன்' என்பதோடு நிறுத்திக்கொள்வேன். முழுதாகச் சொல்ல ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரே நாற்சந்தியை, ஒரே காரில், ஒரே பக்கத்திலிருந்து, திரும்பத் திரும்பக் கடப்பதுதான் வேலை. பெட்ரோல் குழாயில் ஒரு மீட்டர் பொருத்தியிருக்கிறார்கள். சந்திக்கு நானூறு மீட்டர் முன்னால் சாலையில் ஒரு கோடு, தாண்டி இருநூறு மீட்டரில் இன்னொரு கோடு. இந்த அறுநூறு மீட்டருக்குக் கார் எத்தனை மில்லி குடித்தது என்று பின்சீட்டில் இருப்பவர் எழுதிக்கொள்வார். நிற்காமல் போனால் நாற்பத்து நான்கு. சிவப்பில் நின்று கிளம்பினால் எழுபத்து நான்கு. நடுவில் இருக்கும் அந்த முப்பது மில்லிதான் எங்கள் பிழைப்பு.

சிக்னலை எடுத்துவிட்டு அங்கே ரவுண்டானா கட்டலாமா என்பது கேள்வி. ஊரின் மறுகோடியில் இதே அளவு போக்குவரத்துள்ள ஒரு ரவுண்டானாவைப் போன மாதம் அளந்தோம். சராசரி ஐம்பத்தாறு. இந்தச் சிக்னலைவிட ரவுண்டானாவில் பதினைந்து சதவீதம் மிச்சம் என்று வந்தால் கட்டிவிடுவார்கள்.

ரசம் மாதிரி எதையோ வைத்தேன். தண்ணீருக்கும் அதற்கும் பெரிய சண்டை எதுவும் இல்லை. குடித்துவிட்டேன்.

மார்ச் 5, புதன்

பின்சீட்டுக்காரரை ஆபீசே 'ஸ்டாப்வாட்ச்' என்றுதான் கூப்பிடுகிறது. கழுத்தில் அது தொங்காமல் அவரை நான் பார்த்ததில்லை. ஓய்வு பெற ஏழு மாதம் இருக்கிறது. நான் அண்ணா என்பேன். இன்று முழுக்க மருமகன் புராணம். காதில் வாங்கியும் வாங்காமலும் ஓட்டினேன்.

இந்த முறைக்கு 'மிதக்கும் கார்' என்று பெயர். ஓட்டுகிறவருக்குச் சொந்த இஷ்டம் இருக்கக் கூடாது. எத்தனை வண்டி என்னை முந்துகிறதோ, அத்தனை வண்டியை நான் முந்த வேண்டும். தக்கை மாதிரி ஓட்டத்தோடு போனால்தான் நாங்கள் அளப்பது சராசரி மனிதனின் பெட்ரோல் ஆகும். முந்தியது எத்தனை, முந்தப்பட்டது எத்தனை என்று படிவத்தில் ஒரு கட்டமே இருக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை.

பதினெட்டு வருடமாகச் சராசரி மனிதனாக நடித்துச் சம்பளம் வாங்குகிறேன். நாற்பத்தேழு வயதில் தனியாக இருக்கும் பெண் எந்தச் சராசரியில் சேருவாள் என்று எந்தப் படிவமும் கேட்கவில்லை.

ஆபீசுக்கு வெளியே இன்று பேசியது: லிஃப்டில் "நாலாவது." ஒரு வார்த்தை.

மார்ச் 7, வெள்ளி

நாலுக்கு நாலு சிவப்பு.

சரி, எழுதுகிறேன். எழுதாவிட்டால் மட்டும் இல்லை என்று ஆகிவிடுமா?

நிறுத்தக் கோட்டில் முதல் காராக நின்றால், பக்கத்துக் கண்ணாடி வழியாக மூலைக் கடை நேராகத் தெரிகிறது. ஜெராக்ஸ், டைப்பிங், பாஸ்போர்ட் போட்டோ. என் தங்கையின் கடை. மூன்று வருடமாக நாங்கள் பேசுவதில்லை. கடை வைத்திருக்கிறாள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து இந்தச் சந்திப் பக்கமே வராமல் இரண்டு கிலோமீட்டர் சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன். பெட்ரோல் மிச்சம் பிடிக்கிற துறையில் வேலை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். இப்போது துறையே என்னை இங்கே அனுப்பியிருக்கிறது.

முடியைக் கழுத்துவரை வெட்டிவிட்டாள். மூக்குக் கண்ணாடி வந்திருக்கிறது, அது பெரும்பாலும் தலைமேல் இருக்கிறது. மிஷினின் மூடியை மூடாமலே நகல் எடுக்கிறாள், அந்த வெளிச்சம் ஒவ்வொரு தாளுக்கும் அவள் முகத்தில் ஓடுகிறது. கண்ணுக்குக் கெடுதல். பக்கத்தில் சொல்வதற்கு ஆள் கிடையாதா?

சிவப்பு அறுபத்தெட்டு விநாடி. பச்சையானதும் பின்னாலிருந்து ஹார்ன் அடிக்கிறார்கள்.

மார்ச் 9, ஞாயிறு

துணி துவைத்தேன். ஃபேனைத் துடைத்தேன். மணி பதினொன்றுதான் ஆகியிருந்தது.

அன்று நடந்ததை எனக்குச் சாதகமாகவே இத்தனை நாள் மனதுக்குள் சொல்லி வந்திருக்கிறேன். புருஷனை விட்டுவிட்டு ஒரு பையோடு தங்கை என் வீட்டுக்கு வந்தாள். பதினோரு நாள் இருந்தாள். அழவில்லை, ஆனால் தூங்கவும் இல்லை. டி.வி. ஓடிக்கொண்டே இருக்கும், பாத்ரூமுக்குள் போனால் ஒரு மணி நேரம் வர மாட்டாள், என் தட்டில் சாப்பிடுவாள். பன்னிரண்டாம் நாள் காலை செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டேன்: "இன்னும் எத்தன நாள் இருப்ப?"

பாலுக்குச் சொல்லி வைக்கத்தான் கேட்டேன் என்று பிறகு எல்லாரிடமும் சொன்னேன். பால்காரருக்கு நாள்கணக்கா வேண்டும்? அதெல்லாம் சும்மா. எனக்கு என் வீடு திரும்ப வேண்டியிருந்தது. சாயங்காலம் வந்தபோது பை இல்லை. சாவி ஜன்னல் கட்டையில் இருந்தது. நான் ஒரு போன் செய்திருக்கலாம். முதல் வாரம் ரோஷம், இரண்டாவது வாரம் வெட்கம், அப்புறம் அதுவே பழகிவிட்டது.

வீடு திரும்பக் கிடைத்துவிட்டது. இரண்டு அறை, மூன்று ஜன்னல், எல்லாம் எனக்கே.

மார்ச் 13, வியாழன்

ஸ்டாப்வாட்ச் இன்று வாயைப் பிடுங்கினார்.

"முப்பத்தாறு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு ராசி பார்த்ததில்லம்மா. நீ வந்தாலே செவப்பு விழுது."

"நேரம் சரியில்லண்ணா."

"யாருக்கு? சிக்னலுக்கா?"

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டிருந்தார்.

இரவல் வாங்கிய பொய் மாதிரி அந்தப் பதில் நாக்கில் ஒட்டிக்கொண்டே இருந்தது. நான் வேண்டுமென்றா செய்கிறேன்? இருநூற்றைம்பது மீட்டரிலிருந்தே விநாடி காட்டும் பலகை தெரிகிறது. பச்சையில் பதினைந்து மிச்சமிருந்தால் மற்றவர்கள் அழுத்திக்கொண்டு போகிறார்கள். என் கால் தானாக மேலே எழும்புகிறது. இரண்டு பக்கமும் வண்டிகள் என்னை முந்துகின்றன. கோட்டுக்கு வரும்போது சிவப்பு. தானாகவா? எதைத்தான் கால் தானாகச் செய்யும்?

மார்ச் 14, வெள்ளி

முடிந்தது. நாற்பது ஓட்டம், முப்பத்தொன்று சிவப்பு. கடைசி ஓட்டத்தில் அவள் வாசலில் நின்று யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தாள். கையை நீட்டி, வலது பக்கம் காட்டினாள். ஒரு கணம் என் கார்மேல் பார்வை பட்டது என்று நினைத்தேன். ஆபீஸ் கார், வெள்ளை. ஊரில் ஆயிரம் இருக்கும்.

திங்கள் முதல் அந்தப் பக்கம் போக வேலையில்லை.

மார்ச் 18, செவ்வாய்

பொறியாளர் மேடம் என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். பதவியில் நாலு படி மேலே இருந்தாலும் என்னை அக்கா என்பார். இன்று அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"சராசரி அறுபத்தேழு, அக்கா. ரவுண்டானா ஐம்பத்தாறு. பதினாறு சதவீதம் மிச்சம். தாண்டிட்டோம்."

மூன்று வருடமாக ரவுண்டானா ரவுண்டானா என்று மேலிடத்தில் முட்டி மோதியவர். ஒரு நாளைக்கு இருபத்தாறாயிரம் வண்டி, ஒவ்வொன்றும் நின்று நின்று எரிக்கிற பெட்ரோல், அந்தப் புகையைச் சுவாசிக்கும் பள்ளிக்கூடம் என்று அவர் பேச ஆரம்பித்தால் கேட்பவருக்கே சிக்னல்மேல் கோபம் வரும். வரைபடத்தை மேசைமேல் விரித்துக் காட்டினார். நடுவில் அழகான வட்டம். நாற்சந்தியைவிட வட்டத்துக்கு இடம் அதிகம் வேண்டும், அதனால் ஒரு மூலையை வெட்டுகிறார்கள். அந்த மூலையில் சின்னச் சின்னதாக நாலு கட்டம், அவற்றின் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு.

"இது என்ன மேடம்?"

"கடைங்க. நாலு கடை. நோட்டீஸ் போகும், வேற இடம் பார்த்துப்பாங்க."

மூலையிலிருந்து முதல் கட்டம்.

டீ ஆறிப்போயிருந்தது. அப்படியே குடித்தேன்.

மார்ச் 19, புதன்

லீவு. காய்ச்சல் என்று சொன்னேன். இல்லை.

மார்ச் 21, வெள்ளி

ஸ்டாப்வாட்சைப் படிக்கட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டு போய்ச் சொன்னேன். மூலைக் கடை யாருடையது, எதற்காக நின்றேன், மேடத்திடம் சொல்லப்போவது, எல்லாம். அவர் முகத்தில் பெரிய அதிர்ச்சி எதையும் காணோம்.

"தங்கச்சின்னு தெரியாது. வேணும்னே நிக்கிறன்னு தெரியும். கட்டத்தப் போய்ப் பாரு. உன்னை முந்தினது பதினொண்ணு, நீ முந்தினது ரெண்டு. எல்லா ஓட்டத்துலயும் இதே கதைதான். நான் மாத்தி எழுதல."

"அப்பவே கேட்டிருக்கலாம்லண்ணா."

"கேட்டேனே. நேரம் சரியில்லன்ன."

பிறகு கேட்டார்: "இப்ப மேடத்துக்கிட்ட சொல்லப்போறியே, அது கணக்குக்காகவா, கடைக்காகவா?"

அந்தக் கடையை அவள் ஒற்றை ஆளாக வைத்தாள். என் வீட்டிலிருந்து ஒரு பையோடு போனவள். அவளை முதலில் என் வீட்டைவிட்டுக் கிளப்பினேன். இப்போது அவள் கடையைவிட்டும் கிளப்பப் போகிறேன். அதுவும் அவளைப் பார்க்க ஆசைப்பட்டே. கணக்குக்காக என்று நான் சொன்னால் என் பல்லே சிரிக்கும்.

மார்ச் 24, திங்கள்

சொல்லிவிட்டேன்.

மேடம் முதலில் நான் வேறு ஏதோ சொல்கிறேன் என்று நினைத்தார். பிறகு படிவக் கட்டை இழுத்து, யாரும் படிக்காத அந்தக் கட்டத்தை நாற்பது தாளிலும் படித்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரச் சொல்லவில்லை.

"ஏழெட்டு சிவப்பு அதிகமாயிருக்குமா?"

"இருக்கும் மேடம்."

"நீங்க மொதல்ல பண்ணதும் தங்கச்சிக்காக. இப்ப சொல்றதும் தங்கச்சிக்காக. இதுல நான் எத நம்புறது?"

அவர் குரலை உயர்த்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் கேட்டார். அக்கா என்று சொல்லவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

கார் சாவியை வாங்கிக்கொண்டார்கள். வேறு ஓட்டுநர், வேறு பதிவாளர், மறுபடியும் நாற்பது ஓட்டம். என்னை ஆவண அறைக்கு அனுப்பியிருக்கிறார்கள். பழைய படிவங்களை வருடவாரியாகக் கட்ட வேண்டும். தூசியும் நானும்.

மூன்று வாரத்துக்குள் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும். தட்டச்சு செய்து, மூன்று பிரதி. 'திருப்திகரமாக இல்லாவிட்டால் பணியிலிருந்து நீக்கும் நடவடிக்கை' என்று கடைசி வரியில் இருக்கிறது.

ஸ்டாப்வாட்ச் மத்தியானம் ஆவண அறைக்கு வந்து, அவர் கொண்டு வந்த சாப்பாட்டில் பாதியை மூடியில் வைத்துவிட்டுப் போனார். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு, மூடியை இரண்டு தடவை கழுவினேன். பாதிச் சாப்பாட்டுக்கு இப்படி ஆகிற நிலைமைக்கு வந்திருக்கிறேன்.

ஏப்ரல் 3, வியாழன்

ஐந்தாவது தடவையாக எழுதிக் கிழித்தேன். 'கவனக் குறைவு' என்று போட்டால் தப்பிக்கலாமாம். கணக்குப் பிரிவுக்காரர் யோசனை சொன்னார். 'கண் பார்வைக் கோளாறு' என்றால் இன்னும் நல்லதாம், மருத்துவச் சான்று அவரே ஏற்பாடு செய்வாராம். ஊரில் நல்லது நினைக்க ஆளுக்குப் பஞ்சமில்லை.

ஆபீசில் என்னைப் பார்த்ததும் பேச்சு நிற்கிறது. எனக்கென்ன, பேச்சு எப்போது எனக்காக ஓடியது?

ஏப்ரல் 11, வெள்ளி

போனேன்.

விளக்கத்தை டைப் செய்ய ஆபீஸ் கணினியைத் தொடக் கூடாது என்றார்கள். டைப்பிங் கடை வீட்டுத் தெருவிலேயே இரண்டு இருக்கிறது. பஸ் பிடித்து அந்தச் சந்திக்குப் போனேன். இரண்டு தடவை கடையைத் தாண்டி நடந்தேன். வாசலில் யாரோ அளந்து போட்ட சுண்ணாம்புக் கோடு இருந்தது.

உள்ளே வேறு ஆள் இல்லை. அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"என்ன வேணும்?"

"டைப் பண்ணணும். மூணு காப்பி."

கையை நீட்டினாள். கொடுத்தேன். வாடிக்கையாளர் உட்காரும் ஸ்டூல் ஒன்று இருந்தது. உட்காரலாமா கூடாதா என்று தெரியாமல் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் கைகள் வேகமாக ஓடின. அலுவலக முகவரி, பொருள், பார்வை. பிறகு இரண்டாவது பத்தி. கைகள் நின்றன.

அதில் நான் எழுதியிருந்தது: 'சந்தியின் மூலையில் உள்ள கடை என் தங்கையுடையது. எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. நாற்பது ஓட்டத்தில் முப்பத்தொரு தடவை சிவப்பில் நின்றேன். சிவப்பில் நின்றால் அவளைப் பார்க்க முடியும் என்பதால் வேகத்தைக் குறைத்தேன். வேறு காரணம் இல்லை.'

திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அப்ப வாசல்ல கோடு போட்டுட்டுப் போனாங்களே, அது உன்னாலயா?"

"ஆமா."

"கடை போகுமா?"

"தெரியல. மறுபடி அளந்துட்டிருக்காங்க. இன்னும் முடிவாகல."

ஒருவர் அடையாள அட்டையோடு வந்தார். அவருக்கு இரண்டு பக்கமும் நகல் எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தாள். கோபம் வந்தால் அவளுக்குக் காது சிவக்கும். சிவந்திருந்தது.

"முப்பத்தோரு தடவ வந்து நின்னிருக்க. ஒரு தடவ எறங்கி வந்திருக்கலாம்ல?"

"பின்னாடி வண்டி நிக்குதே."

"ஓரமா நிறுத்தத் தெரியாதா உனக்கு?"

"ஓட்டத்துக்கு நடுவுல நிறுத்தக் கூடாது. ரூல்."

"ரூலு." சொல்லிவிட்டு ஒரு மாதிரி பார்த்தாள். சிரிப்பு வரப்போகிறது என்று நினைத்தேன். வரவில்லை, கண்தான் கலங்கியது. முகத்தைத் திரைப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "இந்தக் காரணத்த எடுத்துடு. வேற எதாவது போடு. வேல போயிடும் உனக்கு."

"வேற காரணம் இல்ல."

"அன்னைக்கு நீ கேட்டது..."

"பாலுக்காக இல்ல. நீ போகணும்னுதான் கேட்டேன். தப்புதான்."

மூன்று வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தது, சொல்ல மூன்று விநாடிகூட ஆகவில்லை. அவள் இரண்டாவது பத்தியை ஒரு எழுத்து மாற்றாமல் டைப் செய்தாள். மூன்று பிரதி எடுத்து, ஓரம் தட்டி, கிளிப் போட்டு, கவரில் வைத்துக் கொடுத்தாள்.

"கடை மூடற நேரம்" என்றாள். மணி நாலரைதான். கிளம்பி வந்துவிட்டேன்.

ஏப்ரல் 12, சனி

போன் அடிக்கவில்லை. எண் அவளிடம் இருக்கிறதா? விளக்கத்தின் தலைப்பிலேயே இருந்ததே.

ஏப்ரல் 22, செவ்வாய்

புது ஓட்டம் முடிந்தது. நாற்பதில் இருபத்து மூன்று சிவப்பு, சராசரி அறுபத்தொன்று. மிச்சம் எட்டரை சதவீதம்தான். ரவுண்டானா இல்லை. சிவப்பு நேரத்தை ஐம்பது விநாடியாகக் குறைத்துப் பார்க்கப் போகிறார்கள். மூலைக் கடைகள் இருக்கும்.

மேடம் ஆவண அறைக்கே வந்து சொன்னார். தோற்றுப்போன முகம். எட்டரை சதவீதம் என்றாலும் ஒரு நாளைக்கு நூற்று முப்பது லிட்டர். அது தினமும் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு எதிரே எரியத்தான் போகிறது. அவர் வட்டம் நல்ல வட்டம். நான் ஒழுங்காக ஓட்டியிருந்தால் அவர் ஒரு மாதம் வீணாக நம்பியிருக்க மாட்டார். மன்னிப்புக் கேட்டேன்.

"உங்க விளக்கத்தப் படிச்சேன்" என்றார். "இப்படி ஒண்ணு இந்த ஆபீசுக்கு வந்ததே இல்ல. மேல அனுப்பறதுக்கு எனக்கே ஒரு மாதிரி இருந்தது." கதவருகே போய், "வேல போகாதுக்கா. ஆனா கார் கிடையாது" என்றார்.

இனி ரோட்டோரத்தில் ஸ்டூல் போட்டு வண்டி எண்ணும் வேலை. இருபது வருடத்துக்கு முன்னால் சேர்ந்த அன்று கொடுத்த அதே வேலை. பரவாயில்லை, விரல் மறந்திருக்காது.

தங்கையிடம் சொல்ல வேண்டும். கடையின் எண் போர்டில் இருந்தது, மனப்பாடமாகத் தெரியும். அழைத்தேன். எடுத்தாள். "கடை போகாது" என்றேன். "சரி" என்றாள். இருவரும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு யாரோ வந்துவிட்டார்கள்.

ஏப்ரல் 30, புதன்

கார் 1,904. பஸ் 212. இரு சக்கரம் எண்ணி மாளவில்லை. பேசியது: யாரோ மணி கேட்டார், சொன்னேன்.

மே 6, செவ்வாய்

காலை ஏழுக்கு முன்னால் போன். தங்கை.

"இன்னைக்கு எந்த ஜங்ஷன்ல உக்காந்திருக்க?"

மார்க்கெட் சந்தி என்றேன். வைத்துவிட்டாள்.

எண்ணும் படிவத்தில் ஐந்து ஐந்து நிமிடமாகக் கட்டம் இருக்கும். ஒரு கட்டம் காலியாக விட்டால் பக்கத்திலேயே காரணம் எழுத வேண்டும். எல்லாரும் 'மழை' என்று எழுதுவார்கள், அல்லது சராசரியாக ஒரு எண்ணைப் போட்டு நிரப்பிவிடுவார்கள். நானே வேலைக்குச் சேர்ந்த புதிதில் நிரப்பியிருக்கிறேன்.

இன்று பன்னிரண்டு பத்திலிருந்து பன்னிரண்டு முப்பத்தைந்துவரை ஐந்து கட்டம் காலி. வண்டிகள் போயிருக்கும், எத்தனை என்று எனக்குத் தெரியாது. ஐந்துக்கும் சேர்த்துக் கோடு போட்டு, பக்கத்தில் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்: தங்கை வந்திருந்தாள்.